வெறும் வயிறு

“இன்னும் ஒரே ஒரு வாய். இதோட விட்டுடறேன்” என்று அக்கா மூன்றாம் முறையாகச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி நாற்பதைத் தாண்டிய எலக்ட்ரீஷியன், கல்யாணம் கட்டாதவன். அக்காவின் கை வாயருகே வந்தால் மட்டும் பச்சைப்பிள்ளை. முட்டையும் வெண்ணெயுமாகப் பிசைந்த உருண்டை உள்ளே போன பிறகுதான் மாத்திரை அவள் கையிலிருந்து வெளியே வரும். “வெறும் வயித்துல மாத்திரை போட்டா குடல் வெந்துடும்டா.”

அவள் சமைக்கிற தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு ‘சாப்டாச்சா’ என்றே பெயர். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். பொய் சொல்லியும் தப்ப முடியாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். ஒருமுறை மேனேஜரிடம் லீவு கேட்கப் போய், அவர் சாப்பிடவில்லை என்று தெரிந்து, தட்டு வைத்துப் பரிமாறிவிட்டு, லீவை மறந்து திரும்பினாள். அப்படி ஒரு பிறவி.

தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருந்தார்கள். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கியிருந்தார்கள். ஆளில்லாத வீட்டுக்குள் புகுவதுபோல நுரையீரலில் பூஞ்சை புகுந்துகொண்டது. அதற்குத்தான் இந்த மாத்திரை. ரத்தத்தில் மருந்து குறைந்தால் பூஞ்சை வளரும், கூடினால் கல்லீரல் கெடும். பொல்லாத மருந்து.

போன முறை ரத்தம் எடுத்துப் பார்த்து, மருந்து போதவில்லை என்று டாக்டரம்மா அளவைக் கூட்டியிருந்தார். இந்த முறையும் போதவில்லை. ஸ்கேன் படத்தில் வெள்ளைத் திட்டு பெரிதாகியிருந்தது. டாக்டரம்மா தம்பியை ஒரு பார்வை பார்த்தார்.

“உண்மையைச் சொல்லுங்க. மாத்திரைய முழுங்கறீங்களா, தூக்கிப் போடறீங்களா?”

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. “என் கையால குடுக்கறேன் டாக்டர். முட்டை, வெண்ணெய், பால்னு வயிறு நிறைய ஊட்டிட்டுத்தான் குடுக்கறேன். வெறும் வயித்துல ஒருநாள்கூடக் குடுத்ததில்ல.”

பெருமையாகத்தான் சொன்னாள், பாவி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இத வெறும் வயித்துலதாம்மா போடணும். முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. கொழுப்போட போனா உடம்புல சரியாச் சேராது. யாரும் சொல்லலையா?”

சொன்னார்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னார், பையின் மேலேயும் எழுதிக் கொடுத்தார். அவருக்கென்ன, எலும்பும் தோலுமாகக் கிடப்பது அவர் தம்பியா என்று நினைத்துக்கொண்டவள் இவள்தான்.

“இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன்” என்றார் டாக்டரம்மா. “ஆனா இதுவும்தான்.” முதல் பாதி அக்காவின் காதில் ஏறவே இல்லை.

பஸ்ஸில் தம்பி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, “விடுக்கா, உனக்கு எப்படித் தெரியும்?” என்றான். அதுதான் அவளை அறுத்தது. தெரியும். தெரிந்துதான் செய்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை வெறும் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுத்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி, ஓய்ந்து, தலையணையில் சாய்ந்தான். வாரக்கணக்கில் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவன், தானாக அவள் பக்கம் திரும்பினான்.

“அக்கா, பசிக்குது.”

அவன் வாயால் இதைக் கேட்க அவள் வேண்டாத தெய்வம் இல்லை. எழுந்தாள். அடுப்படி வரை போனாள். மாத்திரை போட்டுப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டாள்.