எப்படியும் என்றொரு முட்டை இல்லை

காலை நாலரைக்கு விஜிதரன் சப்பாத்தோடு குசினி வாசலில் நிற்கிறார். உள்ளே போக முடியாது. சப்பாத்துக் காலோடு குசினிக்குள் நுழைந்தால் மனைவி சிவமலர் வீட்டை இரண்டாக்கிவிடுவார். கழற்றவும் மனம் வராது, கழற்றினால் திரும்பக் கட்ட நேரம் போகும். இரண்டுக்கும் நடுவில் சமாதானமாகச் சிவமலர் போட்டதுதான் வாசலில் கிடக்கும் அந்தக் கால்மிதி. அதில் நின்றபடியே கையை நீட்டித் சுவர்த் தட்டில் இருக்கும் பிளாஸ்கை எடுப்பார், தேத்தண்ணியை ஊற்றி ஒரு துண்டு பாணை நனைத்து விழுங்குவார், பிறகு ரயில் பிடிக்க ஓல்டன் ஸ்ரேசனுக்கு ஓட்டம்தான். இருபத்திரண்டு வருடமாக அவருடைய காலைச் சாப்பாடு முழுவதும் அந்த ஒரு முழ அகலத்துக்குள் நடக்கிறது.

“கதிரையில இருந்தால் முதுகு பிடிச்சுக்கொள்ளும், பிறகு எழும்பேலாது” என்பது அவருடைய வைத்தியம். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. அன்றும் இதே சப்பாத்து, இதே கால்மிதி.

“இண்டைக்கு எங்க ஓடுறியள்?”

“கடைக்கு.”

கடை திறப்பது எட்டு மணிக்கு.

சுவிஸ் நாட்டின் லுசேர்ண் நகரில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் காலை உணவு நேரத்து முட்டைக்காரர் அவர். தலையில் வெள்ளைத் தொப்பி, கைக்கொரு தாச்சி. விருந்தாளிகளின் பெயரெல்லாம் அவருக்கு நிற்காது, முட்டைதான் நிற்கும். போன வருடம் வந்த அமெரிக்கக் கிழவர் இந்த வருடம் வாயைத் திறக்குமுன் அவருடைய ஒம்லெட் தயாராகிவிடும். கோயிலுக்குப் போனாலும் இந்தக் கண் சும்மா இருக்காது. வேட்டியோடு பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்பவரைப் பார்த்துவிட்டு மனைவியின் காதுக்குள், “மஞ்சள் ஓடவேணும், ஆனா வெள்ளை ஈரமா இருக்கக்கூடாது எண்டு சண்டை பிடிக்கிற ஆள் உவர். உந்தப் பக்கம் சம்பந்தம் பேசாதையும்” என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஹோட்டலில் யாராவது “எப்படியும் செய்யுங்கள், எதுவானாலும் சரி” என்று சொன்னால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எப்படியும் என்றொரு முட்டை இல்லை, ஐயா” என்று ஜெர்மனில் சொல்வார். அந்த மனிதர் வெட்கப்பட்டு ஒன்றைத் தெரிவு செய்தபிறகே தாச்சி சூடாகும். ஆனால் அவர் தாம் ஒரு முட்டை சாப்பிட்டு எத்தனையோ வருடம். “அதின்ர மணமே காணும், வயிறு நிறைஞ்சிடும்” என்று தள்ளிவிடுவார்.

இந்த வைகாசியில் அவர்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். சோலோதுர்னில் வேலை பார்க்கும் மகள் சரணியா, கிரேக்கத் தீவு ஒன்றில் ஐந்து நாள் தங்க இடம் பிடித்துக் கொடுத்தாள். தெருவே போகாத ஒரு குடாவில் மலையைக் குடைந்து கட்டிய பன்னிரண்டு அறைகள். படகில்தான் போகவேண்டும். கடையும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. “அப்பாவுக்கு ஓட ஒரு இடமும் இல்லை. அதுக்குத்தான் தேடிப் பிடிச்சனான்” என்றாள்.

சிவமலர் கேட்டது ஒன்றேயொன்று. “எனக்குக் கடலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். என்னோட இருந்து காலமைச் சாப்பாடு சாப்பிட்டியள் எண்டால் காணும்.”

முதல் நாள் காலை. கடலைப் பார்த்த முற்றம், வெள்ளைத் துணி விரித்த மேசை. பந்தல் நிழலில் உயரமான கிரேக்கப் பெண் ஒருத்தி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். தாச்சி புகைவதைக் கண்டதும் விஜிதரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “பாத்திட்டு வாறன்” என்று போனவர் போனவர்தான். இரண்டாம் நாள் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். ஜெர்மன்காரர் ஒருவர் “எப்படியும்” என்று சொல்லி, தம் பங்கு உபதேசத்தையும் வாங்கிக்கொண்டு போனார். சிவமலர் கடலைப் பார்த்தபடி தனியே பாண் சாப்பிட்டார். அறைக்கு வந்ததும், “தனியச் சாப்பிட எனக்கு ஓல்டன் வீடே காணும். இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை” என்றார்.

அது சுட்டது. மூன்றாம் நாள் விஜிதரன் கதிரையில் இருந்தார். மேசைக்குக் கீழே கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் தானே மேசைக்கு வந்தாள்.

“நேற்று எல்லோருக்கும் நீங்கள் செய்தீர்கள். இன்று உங்களுக்கு நான். எப்படி வேண்டும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எப்படியும்” என்றார் விஜிதரன்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு, முந்தின நாள் அவரிடம் கேட்டு விளங்கிக்கொண்ட பாடத்தை அவரிடமே ஒப்புவித்தாள். எப்படியும் என்றொரு முட்டை இல்லையாம். ஊரிலுள்ளவன் முட்டையெல்லாம் தெரிந்த மனிதருக்குத் தன்னுடையது எதுவென்று தெரியவில்லை. முகம் சிவந்து போனார்.

சிவமலர் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். “மஞ்சள் உடையக்கூடாது. ஓரம் நல்லா முறுகவேணும். மிளகு கனக்க.”

“உமக்கென்னெண்டு தெரியும்?”

“வந்த புதிசில அகதி விடுதியில ஒற்றை அடுப்பில ஒவ்வொரு நாளும் பொரிச்சுத் தந்தது ஆர்? ரெண்டு பேரும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையிலதானே சாப்பிட்டனாங்கள். பிறகு உங்களுக்கு வேலை கிடைச்சுது, ஓடத் தொடங்கிட்டியள்.”

முட்டை வந்தது. முறுகிய ஓரத்தைப் பிய்த்து வாயில் வைத்து மெல்ல மென்றார். பிறகு பாதியை வெட்டிச் சிவமலர் பக்கம் தள்ளினார். அன்றும் மிச்ச இரண்டு நாளும், பத்து மணி வரை அந்தக் கதிரையை விட்டு அவர் அசையவில்லை. முதுகு ஒன்றும் பிடிக்கவுமில்லை.

ஞாயிறு வீடு வந்தார்கள். திங்கள் நாலரைக்கு விஜிதரன் கால்மிதியில் நின்றார். போர்வைக்குள் கிடந்த சிவமலருக்குக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. கிரேக்கம் கிரேக்கத்தோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய். சிவமலருக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. காலையிலேயே அடுப்பில் ஏதோ முறுகிக்கொண்டிருந்தது. விஜிதரன் வழக்கம்போலச் சப்பாத்தைக் கட்டி, கடைப் பையைத் தோளில் போட்டு, கால்மிதியில் ஏறித் தேத்தண்ணியை ஊற்றினார். உள்ளே மேசையில் ஒரு கோப்பை, இரண்டு கதிரை. சிவமலர் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. மிளகை மட்டும் கனக்கத் தூவினார்.

விஜிதரன் தேத்தண்ணியைத் தட்டில் திரும்ப வைத்தார். பையைக் கதவுப் பிடியில் கொழுவினார். பிறகு குனிந்து, சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.