பசை காய்வதற்குள்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் காதுக்கும் மூக்குக்கும் தோதாகச் சட்டங்களை வளைத்துக் கொடுத்தே பகல் போய்விடும். ஐம்பதை நெருங்கும்போது அவருக்கு மரத்தின்மேல் பைத்தியம் பிடித்தது. வேறு ஊருக்குக் குடிபோன நண்பர் ஒருவர், வைக்க இடமில்லை என்று மரத்தைச் சுழற்றிக் கடையும் ஒரு சின்னக் கடைசல் இயந்திரத்தை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பின்பக்க பால்கனியில் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு அதை நிறுத்தினார். அன்றிலிருந்து அவர் மனைவிக்கு ஈரத்துணி காயப்போட இடமில்லை.

முதலில் ஒரு பம்பரம் கடைந்தார். சுழலவில்லை. தரையில் விட்டதும் படுத்துக்கொண்டது.

"பம்பரமும் உங்களை மாதிரியே இருக்கு. ஞாயித்துக்கிழமை எழுந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார் மனைவி.

பிறகு கை பழகியது. கதவுக் குமிழ், உப்பு டப்பா, மத்து, பூரிக்கட்டை. உளி மரத்தைத் தொட்டதும் சீவல் சுருண்டு சுருண்டு மணிக்கட்டில் விழும்போது அவருக்கு வேறு நினைவே இருக்காது. சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் அவர் கடைந்த பூரிக்கட்டை சேர்ந்துவிட்டது. ஒருமுறை வெறுங்கையோடு மச்சினன் வீட்டுக்குப் போனபோது, "மாமா, இன்னிக்குக் கட்டை இல்லையா? தப்பிச்சேன்" என்று மச்சினன் கும்பிட்டான்.

பக்கத்து வீட்டு முக்காலியில்தான் பழுது பார்க்கும் வேலை ஆரம்பித்தது. ஆடிக்கொண்டிருந்ததை அரைமணி நேரத்தில் நிறுத்திக் கொடுத்தார். அவ்வளவுதான். மூட்டு விட்ட மேசை, கீல் கழன்ற அலமாரி, முதுகு உடைந்த நாற்காலி என்று மூன்று மாடியிலிருந்தும் வர ஆரம்பித்தன. காசு வாங்கமாட்டார், முடியாது என்று சொல்லவும் வராது. உப்புத்தாளால் தேய்த்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து, அசையாமல் இறுக்கிக் கட்டி ஓரமாக வைப்பார். வீட்டுக்குள் வழி இல்லாமல் போனது.

"கை கால் உடைஞ்சதெல்லாம் நம்ம வாசலுக்குத்தான் வருது. வெளிய போர்டு மாட்டிடுங்க, ஆஸ்பத்திரின்னு" என்று அவர் மனைவி சொல்வார். சொன்னாலும், வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பவரும் அவர்தான்.

மூன்றாம் மாடியில் டீச்சரம்மா இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. கூட இருந்தது ஒரே மகன். கல்யாணமாகாதவன், மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை, சதா காதில் போன். டீச்சரம்மாவுக்கு ஜன்னலோரம் ஒரு கைவைத்த நாற்காலி உண்டு. காலையில் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்து முடித்தால்தான் அவருக்குப் பொழுதே விடியும். அந்த நாற்காலியின் முன்கால் ஒன்று ஆட ஆரம்பித்தது.

மகன்தான் கீழே தூக்கிவந்தான். கண்ணாடிக்காரர் காலைக் கழற்றிப் பார்த்தார். காலின் தலைப்பில் முளை மாதிரிச் செதுக்கி, அதைச் சட்டத்தின் துளைக்குள் இறக்கியிருந்தார்கள். முளை நன்றாக இருந்தது, பசைதான் செத்துப்போயிருந்தது. சுத்தம் செய்து, புதுப் பசை வைத்து இறக்கினார். நாலு கால்களையும் சேர்த்து ஒரு கயிற்றைச் சுற்றி, நடுவில் குச்சியைக் கொடுத்து முறுக்கி இறுக்கினார். கடையிலிருந்து வந்து சாயங்காலம் செய்த வேலை அது.

மறுநாள் காலை, அவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே மகன் வந்து நின்றான்.

"சார், நாற்காலி குடுங்க. இது இல்லாம அம்மா என்னை ஒரு வழி பண்றாங்க."

"பசை இன்னும் காயலையேப்பா. இன்னிக்கு இங்கயே கிடக்கட்டும்."

"மேல வச்சாலும் காயத்தானே போகுது சார்? கண்ணுல பார்த்தா அவங்களுக்கு நிம்மதி."

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. "சரி, எடுத்துட்டுப் போ. ஆனா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது. கயித்தை அவிழ்க்கவே கூடாது. அம்மாகிட்ட மறக்காம சொல்லிடு."

அதற்குள் அவன் போன் அடித்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே நாற்காலியோடு படியேறினான். அது போனில் பேசியவருக்கு ஆட்டிய தலையா, தனக்கு ஆட்டியதா என்று கண்ணாடிக்காரர் அப்போது யோசிக்கவில்லை.

மகன் வேலைக்குப் போன பிறகு டீச்சரம்மா ஜன்னலோரம் வந்திருக்கிறார். தூக்கிவர வசதியாகக் கட்டிய கயிறு என்று நினைத்துக் கத்தரியால் வெட்டி, அதைச் சுருட்டி மேசைமேல் வைத்திருக்கிறார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

செய்தி கேட்டுக் கண்ணாடிக்காரர் கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வராந்தாவில் குடியிருப்பு ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. நடுவில் மகன் சுவரில் சாய்ந்திருந்தான்.

"உட்காரக் கூடாதுன்னு சொன்னேனேப்பா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"சொல்லலையே சார்!" அவன் குரல் உடைந்தது. "நீங்க சொல்லவே இல்லையே! சொல்லியிருந்தா நான் அம்மாகிட்ட சொல்லாம போவேனா?"

பொய் சொல்கிற முகமாக அது இல்லை. உண்மையாகவே அவன் காதில் விழவில்லை போலிருந்தது. கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். சொன்னேன் என்று மறுபடி சொல்லலாம், சத்தியம் செய்யலாம். கேட்டது யார்? காலையில் மனைவிகூட அடுப்படியில்தான் இருந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. உட்கார இடம் தேடினார், கிடைக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

அன்று மாலை மூன்றாம் மாடிக்குப் போய், கழன்று கிடந்த காலை எடுத்துவந்தார். பால்கனி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முளையில் ஒரு கீறல் கூட இல்லை. பசை வெள்ளையாக, தொட்டால் ஒட்டுகிற பதத்தில் இருந்தது. வேலையில் தப்பில்லை, ஒரு நாள் போதவில்லை, அவ்வளவுதான். அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் கையில்கூட வாங்காமல், "விடுங்க சார், நடந்தது நடந்துபோச்சு" என்றார்.

அடுத்த சில நாட்களில் கதவு தட்டும் சத்தம் அதிகமானது. "அந்த அலமாரி அவசரமா வேணும் சார்." "மேசை இருக்கட்டும், புதுசே வாங்கிக்கலாம்னு வீட்ல சொல்றாங்க." பாதி பிரித்த மேசையைக்கூட அப்படியே துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

"மேல போய் ரெண்டுல ஒண்ணு கேக்கவா?" என்று மனைவி கொதித்தார். "காதுல போனை வச்சுக்கிட்டுக் கேக்காதது அவன். பழி உங்களுக்கா?"

"கேட்டு?"

"அந்தம்மாவுக்குத் தெரியட்டும்."

"தெரிஞ்சா? மகன்தான் தன்னைப் படுக்கையில தள்ளினான்னு நினைச்சுக்கிட்டே அவன் கையால சாப்பிடணுமா?"

மனைவி அதற்காகச் சமாதானம் ஆகவில்லை. நெஞ்சு எரிகிறது என்று அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

டீச்சரம்மா வீடு திரும்பியதும் கண்ணாடிக்காரர் பார்க்கப் போனார். மகன்தான் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தான், தலை வாரினான், எல்லாம் செய்தான். வேலையில் நீண்ட விடுப்பு எடுத்திருந்தான். முகத்தில் தாடி மண்டியிருந்தது.

"வாங்க, உட்காருங்க" என்றார் டீச்சரம்மா. "ஏன் இப்படி இளைச்சுட்டீங்க? என் தப்புதாங்க. பொழுதுபோக்குக்குச் செய்யறவர்கிட்ட அதைக் குடுத்திருக்கக் கூடாது. ஆசாரிகிட்ட குடுத்திருக்கணும்."

அன்பாகத்தான் சொன்னார். கண்ணாடிக்காரர் மகனைப் பார்த்தார். அவன் குனிந்து போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஆமாம்மா" என்றார் அவர்.

திரும்பும்போது படிக்கட்டு வரை மகன் பின்னாலேயே வந்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார்... நீங்க சொல்லியிருப்பீங்க. அன்னிக்கு ஏதோ சொன்னீங்க. என்னன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது. எவ்வளவோ யோசிச்சுட்டேன்." அவன் கண் நிறைந்தது. "அம்மாகிட்ட நான் எப்படி சார்..."

"வேண்டாம்ப்பா" என்றார் கண்ணாடிக்காரர். அவன் தோளைத் தொடப் போன கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

டீச்சரம்மா மறுபடி நடக்கவில்லை. லிப்ட் இல்லாத கட்டடம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்ததால், வேறொரு தெருவில் தரைத்தளத்தில் மகன் வீடு பார்த்தான்.

வீடு மாற்றும் நாளில் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். மூன்று பேர்தான் இருந்தார்கள். கண்ணாடிக்காரர் கதவைத் திறந்து வந்து, யாரும் கூப்பிடாமலே நாலாவது மூலையைப் பிடித்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி லேசாகச் சாய்ந்தபோது டீச்சரம்மா பயந்து கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தது கண்ணாடிக்காரரின் தோள். அதைத் தாண்டி எட்டி மகனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்துங்க" என்றார் கண்ணாடிக்காரரிடம். "விட்டுடாதீங்க."

"விடமாட்டேம்மா."

வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு, ஜன்னல் வழியாகக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து டீச்சரம்மா தட்டிக்கொடுத்தார்.

"உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. மனசுல வச்சுக்காதீங்க."

முன் இருக்கையில் மகன் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

வண்டி கிளம்பியது.