பூசை நாளில் மாற்றாத கேபிள்

தபால்காரன் கந்தப்பனைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டம். தேயிலை ஸ்டோரில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் நான். கந்தப்பன் தினமும் தபால் பையைப் பசறைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவான். சீமைக்கே திரும்பிப் போன பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற மூன்று கியர் சைக்கிள் அவனுக்குக் கிடைத்தது. அப்பப்பா, அதை அவன் பார்த்துக்கொண்ட விதம்! சனிக்கிழமை தோறும் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவான். பல்சக்கரத்தைப் பல் பல்லாகத் துடைப்பான். "பொண்டாட்டியக்கூட இப்புடிக் கவனிக்கிறதில்ல" என்று தனலெட்சுமி லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கத் திட்டுவாள்.

சுதந்திரம் வந்ததும் தோட்டத் தமிழர்களின் பிரஜாவுரிமையைப் பறித்த இலங்கை அரசாங்கம், வேண்டுமென்றால் மனுப் போடச் சொன்னது; நானும் கந்தப்பனும் போட்டிருந்தோம். ஐம்பத்து நான்கில் அவனுடைய பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. பதுளையில், காலை பத்து மணிக்கு. கிடைத்தால் அவனும் தனலெட்சுமியும் இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டு மனிதர்கள். கிடைக்காவிட்டால் நாடே இல்லை. லீவு கேட்டதற்குப் புதுத் துரை, பசறையில் பையை ஒப்படைத்துவிட்டு அப்படியே போ என்றுவிட்டார். அதற்குப் பிறகு பத்து மணிக்குள் போய்ச் சேர பஸ் கிடையாது. சைக்கிள்தான்.

விசாரணைக்கு முதல் நாள் ஆயுத பூசை. ஸ்பேனர், குறடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஸ்டோரில் படைத்திருந்தேன். கந்தப்பனின் குறடும் அதில்தான் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, கியர் கேபிள்ல நாலஞ்சு இழை அறுந்துருச்சு. புதுசு வாங்கி வச்சிருக்கேன். மாட்டிக் குடுங்கண்ணே, நாளைக்கு வெசாரண."

"பூசையில வச்ச சாமானத் தூக்கச் சொல்றியா? புத்தி கித்தி இருக்கா ஒனக்கு? மிச்ச இழை ஒரு நாளைக்குத் தாங்கும், போடா!"

தன் குறட்டை அவன் கை நீட்டி எடுத்திருக்கலாம். அவனுக்கும் சாமி பயம். "சரிங்கண்ணே" என்று போய்விட்டான்.

மறுநாள் பசறை தாண்டிய மேட்டில் கேபிள் அறுந்தது. அறுந்தால் அந்தச் சைக்கிள் பெரிய கியரில் போய் நின்றுகொள்ளும், மேட்டில் மிதிக்கவே முடியாது. புதுக் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, வழியில் கண்டவர்களிடமெல்லாம் குறடு கேட்டானாம். ஒருத்தரிடமும் இல்லை. தள்ளிக்கொண்டே ஓடினான். பதுளைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. மூன்று தரம் பெயரைக் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளியிருந்தார்கள். பிறகு எத்தனை கடிதம் போட்டும் பலனில்லை.

வந்து என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். பாவி, திட்டவில்லை. தனலெட்சுமிதான் ஒரு வாரம் அழுதாள். அந்தச் சனிக்கிழமையும் அவன் சங்கிலியைக் கழற்றித் துடைத்தான். எனக்குத்தான் அந்தப் பக்கம் போக முகமில்லை.

நான்கு வருஷம் கழித்து என் பிரஜாவுரிமைப் பத்திரம் பதிவுத் தபாலில் வந்தது. கொண்டுவந்தவன் கந்தப்பன்.

"அண்ணே, ஒங்களுக்கு வந்துருச்சுண்ணே! கையெழுத்துப் போடுங்க!"

முகமெல்லாம் சிரிப்பு, நிஜமான சிரிப்பு. என் பெயரின் முதல் எழுத்தையே தப்பாக எழுதி அடித்தேன்.

"நெதானமாப் போடுங்கண்ணே" என்று சொல்லி, தாள் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.