சொந்தக் கையால் ஒரு கொண்டை

கை முறிந்தால் எல்லோரும் எலும்பைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். தலைமயிரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அறுபதுகளின் கடைசியில், கிண்ணியாவுக்குப் போகும் படகில் ஏறும்போது பாசியில் வழுக்கி விழுந்தேன். வலது தோளுக்குக் கிட்ட எலும்பு முறிந்தது. நான் அப்போது திருகோணமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் வாடகை வீடு. அதில் நான் மட்டும். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணா வந்தார். வந்தவர் என் கையைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்.

"உன்ரை தலையைக்கூட உன்னாலை வாரி இழுக்கேலாது. தனிய இருந்து என்ன செய்யப் போறாய்? லீவு முடியிறதுக்குள்ளை கை சரிவராட்டி, இடமாற்றம் கேட்டுக்கொண்டு வீட்டை வந்து சேர்."

அண்ணா வீட்டில் எனக்குக் கிடைக்கப்போகும் அறை எனக்குத் தெரியும். நெல்மூட்டைகளும் பழுதான தையல் மெஷினும் கிடக்கும் அறை. அங்கே இன்னொரு சாமானாகப் போய்க் கிடக்க நான் தயாராக இல்லை.

கட்டு அவிழ்த்த பிறகுதான் உண்மையான சங்கடம் தொடங்கியது. நான் போகும் தேவாலயத்துப் பெண்கள் சூப்போடு வந்தார்கள். "கையை அசைக்காதேங்கோ டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் நல்ல பிள்ளையாக அசைக்காமலே இருந்தேன். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் எழவில்லை. மெலிந்துபோன மேற்கையில் சட்டைக் கை தொளதொளத்தது.

அங்கே பயிற்சி கொடுப்பவர் கொழும்பில் படித்துவிட்டு வந்த இளம் பெண். என் கையை ஒரு தரம் தூக்கிப் பார்த்தார், நான் கத்தினேன்.

"எலும்பு பொருந்தியிட்டுது. தசைதான் பலமில்லாமல் போச்சு. ஓய்வு எடுத்தது காணும், இனிப் பாரம் தூக்க வேணும்" என்றார்.

வெறும் பால்மாத் தகர ரின்னில் கொஞ்சம் மணல் போட்டு, கயிற்றால் பிடி கட்டித் தூக்க வேண்டுமாம். சுலபமாக வந்தால் இன்னும் கொஞ்சம் மணல். மருந்து தருவார் என்று நம்பிப் போனவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பக்கத்து வீட்டுக்காரி கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. காலைச் சங்கு ஊதி அவன் போனதும், சீப்பும் தேங்காயெண்ணெயுமாக வேலி இடுக்கால் வருவாள். நான் கூப்பிடவில்லை. என் தலை கிடந்த கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் தானாகவே வரத் தொடங்கியவள். என்னைக் கதிரையில் இருத்தி, சிக்கெடுத்து, கொண்டை போட்டுவிடுவாள். முரட்டுக் கை.

"மெல்ல, மெல்ல! அது தலை, தேங்காய் இல்லை."

"டீச்சர் தலைய ஆட்டாம இருந்தா ஏன் நோகுது?"

கொண்டை முடிந்ததும் மணல் ரின். அவள் எதிரே குந்தியிருந்து காவல் காப்பாள். முதலில் நோவில் கண் கலங்கிவிடும். "ஏலாது" என்று ரின்னை வைத்துவிடுவேன்.

"பள்ளிக்கூடத்தில பிள்ளையள் ஏலாதெண்டு சொன்னா விடுவீங்களா? தூக்குங்க."

கடற்கரை மணலை முந்தானையில் அள்ளிக்கொண்டு வருவாள். கை கொஞ்சம் லேசாக எழுந்தால் போதும், என்னைக் கேட்காமலே ஒரு பிடி மணல் கூடப் போடுவாள். கை தோள் மட்டத்துக்கு வந்தது. பிறகு காது மட்டத்துக்கு வந்தது. கைக்குச் சதையும் வந்தது. ஊர்க் கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவள் போய்விடுவாள். அடுத்த நாள் காலை வரைக்கும் அந்த வீட்டில் வேறு மனிதக் குரல் இல்லை. அம்மா செத்த பிறகு என் தலையில் கைவைத்த முதல் ஆள் அவள்தான். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

லீவின் கடைசிக் கிழமையில் ஒரு காலை, அவள் வரமுன்னரே கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோனேன். வலது கையும் எட்டியது. முதல் தரம் மயிர் நழுவி விழுந்தது. அடுத்த தரம் கொண்டை ஊசி ஏறிவிட்டது. கோணல் கொண்டைதான், ஆனாலும் என் கொண்டை. அண்ணா வீட்டு அறைக்குப் போகத் தேவையில்லை என்ற சந்தோஷத்தில் அங்கேயே நின்று அழுதேன்.

சீப்போடு வந்தவள் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கொண்டையை ஒரு இழுவை இழுத்தும் பார்த்தாள்.

"அல்லாட காவல்! டீச்சர் தப்பிட்டீங்க. நாளையிலருந்து எனக்கும் விடியச் சோலி குறைஞ்சிது!"

மனம் நிறைந்து சிரித்தாள். சும்மா வந்து இருங்கோவன் என்று கேட்க வாய்வரை வந்தது. சும்மா வா என்று ஒருவரைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று அவள் ஓடிவிட்டாள்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. கரும்பலகையின் உச்சியில் திகதி எழுதினேன். கூடப் படிப்பித்தவர்கள் கைதட்டாத குறை. வரமாட்டேன் என்று அண்ணாவுக்குத் தந்தி அடித்தேன். அதை வீறாப்போடுதான் அடித்தேன்.

அவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் "கை எப்பிடி டீச்சர்?" என்று கேட்பாள். நான் தூக்கிக் காட்டுவேன். ஒரு நாளாவது பாதியில் நிறுத்தி, இன்னும் ஏலாது, வாங்கோ என்று சொல்ல ஆசையாக இருக்கும். கை நிற்காது. நேரே உச்சிக்குப் போய்விடும். அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.