மூன்று பங்கு நெய்ச்சோறு

ஜஹனாரா வீட்டில் எல்லாச் சண்டையும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். பசியோடு இருக்கும் வரைக்கும் அதைப் போல ஒற்றுமையான குடும்பம் கொடைக்கானல் பஜாரில் கிடையாது. கை கழுவி, தட்டை எடுத்து, சட்டி மூடியைத் திறந்து மிச்சம் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்த நிமிஷத்திலிருந்து ஆளுக்கொரு கட்சி.

ஜஹனாராவின் கட்சி அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. பழனியில் அவளுடைய அத்தா சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையில் மிஞ்சியதுதான் வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாடு. வியாபாரம் நன்றாக ஓடிய நாளில் பிள்ளைகளுக்கு அரை வயிறு, கடை காற்றாடிய நாளில் விருந்து. அத்தா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால் வீட்டில் கொண்டாட்டம். அப்படி வளர்ந்தவளிடம் போய் மிஞ்சிய சோற்றைக் குப்பையில் போடு என்றால் போடுவாளா? வீட்டுக்காரர் ஒலியுல்லா பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கிறார். கடையில் காலியாகும் சாக்லேட் டப்பா அத்தனையும் வீட்டு ஃப்ரிட்ஜுக்குத்தான் வரும். ஆசையாகத் திறந்து பார்த்த விருந்தாளிப் பிள்ளைகளுக்கு உள்ளே முந்தாநாள் தால்சாதான் கிடைத்திருக்கிறது.

ஒலியுல்லாவோ ஒருமுறை பழைய மீன் குழம்பைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அன்றிலிருந்து, அன்றன்றைய சோறு அன்றன்றைக்கே முடிய வேண்டும், முடியாதது காலையில் நகராட்சி வண்டியில் ஏற வேண்டும் என்பது அவர் சட்டம். மருமகள் அப்ரின் திண்டுக்கல்காரி, படித்தவள். போனில் வீடியோ பார்த்து, பின்பக்கத்தில் ஒரு நீல டிரம்மை வைத்து அதில் ஓட்டையெல்லாம் போட்டு, மிஞ்சுவதை எல்லாம் உரமாக்கப் போகிறேன் என்று இறங்கியிருந்தாள். கொடைக்கானல் குளிரில் மனுஷன் போட்ட துணியே காய்வதில்லை. சோறு மக்கவா போகிறது? ஆனாலும் அவள் விடவில்லை. அவள் புருஷன் சஜ்ஜாத் டாக்ஸி ஓட்டுகிறவன், இந்தச் சண்டை வந்தால் உடனே அவனுக்கு எங்கிருந்தோ சவாரி வந்துவிடும். முன்போலச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டுப் போகவும் வழியில்லை. சோற்று வாசனைக்குக் காட்டுமாடு வந்து வாசலில் நின்றுகொண்டால் அப்புறம் யாரும் வெளியே போக முடியாது.

மிச்சம் இருந்தது பவுனு.

பவுனு ஜஹனாராவின் பசு. மன்னவனூரில் கன்றுக்குட்டியாக வாங்கி, ஜீப்பில் மடியில் போட்டுக்கொண்டு வந்தது. அதன் பாலைத்தான் அவள் டீக்கடைகளுக்கு ஊற்றி, யாரிடமும் கை நீட்டாமல் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள். பஜாரில் அவளை ஒலியுல்லா சம்சாரம் என்று சொல்கிறவர்களைவிடப் பவுனு வீட்டம்மா என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. இரண்டு வருஷம் சினை தங்காமல் இவளை அழவிட்ட பவுனு இப்போது நிறைமாதத்துக்குப் பக்கத்தில் நின்றது. மாட்டு டாக்டர் ஞானவேல் வந்தபோதெல்லாம் ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போனார். சமைத்த சோறு பசுவுக்கு ஆகாது, ஒரு கிண்ணத்துக்கு மேல் போடவே கூடாது. ஜஹனாரா அதை வீட்டில் சட்டமாகவே அறிவித்தாள். "ஒரு கிண்ணத்துக்கு மேல எவளாச்சும் எவனாச்சும் என் பவுனுக்குச் சோறு வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் அஸ்ஃபியாவுக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கீழேயிருந்து வேனில் வர, மலைப்பாதையில் மரம் விழுந்து பாதி வேன்கள் திரும்பிப் போய்விட்டன. வந்தவர்கள் கறியைக் காலி செய்தார்கள். நெய்ச்சோறு அண்டாவில் அப்படியே கெட்டியாக நின்றது. அக்கம்பக்கம், டாக்ஸி ஸ்டாண்டு, கடைப் பையன்கள் என்று கொடுத்துப் பார்த்தும் அண்டாவின் அடி தெரியவில்லை. சாயங்காலம் வழக்கமான சண்டை வந்தது, அன்றைக்கு நிச்சய வீடு என்பதால் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

"வெள்ளனே வண்டி வரும், ஏத்தி விட்டுருவோம். எதுக்கு இம்புட்டுப் பேச்சு?" என்றார் ஒலியுல்லா.

"அல்லா குடுத்த சோத்தக் குப்பை வண்டியில ஏத்துவீங்களா? காய வச்சா வத்தலாகும்" என்றாள் ஜஹனாரா.

"டிரம்முல போட்டா உரமாகும் மாமி" என்றாள் அப்ரின்.

கடைசியில் சஜ்ஜாத், விருந்தாளிகளைக் கீழே கொண்டுபோய் விடக் கிளம்பிய அவசரத்தில், ஒரு தீர்ப்புச் சொன்னான். சோற்றை மூன்று பங்காகப் போடுங்கள், அவரவர் பங்கை அவரவர் வழியில் தீர்த்துக்கொள்ளுங்கள், என்னை விடுங்கள். மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வீட்டில் மிச்சச் சோற்று விஷயத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட முதல் தீர்மானம் அதுதான். அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காலையில் தொழுகை முடித்துவிட்டு ஜஹனாரா தன் பங்கை மாடிக்கு எடுத்துப் போனாள். வெயிலா? எதிர்வீட்டுச் சுவரே தெரியாமல் மூடிக்கிடந்தது பனி. காய வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். கையில் அன்னக்கூடையோடு நின்றவளுக்குக் கீழே கொட்டகையிலிருந்து பவுனு கூப்பிட்டது கேட்டது. வெந்நீர் ஊற்றி நெய்யை அலசிவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது, ஒரு நாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அலசினாள். வைத்தாள். பவுனு ஒரு பருக்கை விடாமல் நக்கித் தின்றது. அதைப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்து போயிற்று. அதற்கப்புறம் அஸ்ஃபியாவோடு உட்கார்ந்து நிச்சயத்துக்கு வந்த சீர்த்தட்டுகளைப் பிரித்து அடுக்குவதிலேயே காலை போயிற்று.

பதினோரு மணிவாக்கில் வைக்கோல் போடப் போனாள். பவுனு படுத்துக் கிடந்தது. எழுந்திரு என்று தட்டினால் எழவில்லை. இடது பக்க வயிறு கல்லாக இறுகி நின்றது. வாயில் நுரை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அசைபோடவே இல்லை. "ஏங்க! அப்ரின்! வெரசா வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஒலியுல்லா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

டாக்டர் ஞானவேல் மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், வாயை மோந்து பார்த்தார்.

"என்னம்மா தின்னுச்சு?"

"வைக்கோலு, பருத்திக்கொட்டை… கொஞ்சம் சோறு."

"எவ்வளவு சோறு?"

ஒரு பக்கம் வீட்டுக்காரர், ஒரு பக்கம் மருமகள். சட்டம் போட்டவள் இவள். "ஒரு கிண்ணம்" என்றாள் ஜஹனாரா.

டாக்டர் யோசித்தார். "ஒரு கிண்ணத்துக்கு வயிறு இந்த மாதிரி ஆகாதும்மா. மேயப் போன எடத்துல பாலித்தீன் ஏதும் முழுங்கியிருக்கும். அது போய் அடைச்சிருந்தா மருந்து கேக்காது. வண்டியில ஏத்திக் கீழ கொண்டுபோய் வயித்தத் தொறந்துதான் எடுக்கணும்."

"கன்னு சார்?"

"இத்தனை மாசச் சினையில ஆபரேஷன்… நான் உறுதி சொல்ல மாட்டேன். தாய் பொழைச்சாலே பெருசு."

ஜஹனாரா பவுனுவைப் பார்த்தாள். அதன் கண் இவள் மேலேயே இருந்தது. மானம் போனால் போகட்டும் என்று தோன்றியது அவளுக்கு. மருமகள் நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கட்டும், வீட்டுக்காரர் சாகும்வரை குத்திக்காட்டட்டும்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். ஒரு கிண்ணமில்ல. அன்னக்கூடை நெறைய வச்சேன். நெய்ச்சோறு" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஒலியுல்லா தொண்டையைக் கனைத்தார். பிறகு கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் வச்சேன் டாக்டர்."

"நீங்களா?"

"குப்பை வண்டிக்குத்தேன் தூக்கிட்டுப் போனேன். நேத்துத்தேன் நிச்சயம் முடிஞ்சிருக்கு, தெருவே பாத்துக்கிட்டு நிக்குது. பொண்ணு நிச்சயத்துச் சோத்தக் குப்பையில கொட்டுறான் பாருன்னு பேச மாட்டானுகளா? பின்வழியா வந்து இதுக்கு வச்சுட்டேன். ஒரு குண்டா இருக்கும்."

ஜஹனாரா வாயைப் பிளந்தபடி அவரைப் பார்க்க, பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"நானும்தான் மாமி."

"நீயுமா?"

"டிரம் ஃபுல்லா இருக்கு மாமி. ஒரு மாசமா அதுல எதுவும் மக்கவே இல்ல, ஸ்மெல் தாங்கல. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. பவுனு பாவமா பாத்துச்சு, என் பங்கு முழுசையும் வச்சிட்டேன்."

வேறொரு நாளாக இருந்திருந்தால் ஜஹனாரா இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அன்றைக்கு அவள் டாக்டர் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சார், மூணு பங்கும் உள்ளதேன் இருக்கு. இது போதுமா சார்? இதுக்கு வயிறு இப்புடி ஆகுமா?"

"தாராளமா ஆகும்" என்றார் டாக்டர். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது. "வாய்ல புளிச்ச நாத்தம் அடிச்சப்பவே நெனச்சேன். நீங்க ஒரு கிண்ணம்னு சொன்னதும் கொழம்பிட்டேன். சோறுன்னா நாம வைத்தியம் பாத்துரலாம். இது உள்ள போயிப் புளிச்சுருக்கு. வீட்ல ஆப்ப சோடா இருக்கா? இருக்கறது எல்லாத்தையும் கொண்டு வாங்க."

வீட்டில் இருந்தது பத்தவில்லை. அப்ரின் முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு பஜாருக்கு ஓடி, மூன்று கடையில் இருந்த சோடா பாக்கெட்டை எல்லாம் வாரிக்கொண்டு வந்தாள். கரைத்துப் பாட்டிலில் ஊற்றி, ஒலியுல்லா தலையைத் தூக்கிப் பிடிக்க, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. உத்தரத்தில் கட்டிய பாட்டில் ஆடாமல் அப்ரின் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜஹனாரா இடது வயிற்றை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வாய் தன்பாட்டில் துஆ ஓதியது. மத்தியானச் சாப்பாடு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அந்த வீட்டில் மிச்சமே இல்லாத ஒரே மத்தியானம் அது.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்குப் பவுனு கழுத்தை நீட்டி ஒரு நீளமான ஏப்பம் விட்டது. புளித்த நாற்றம் கொட்டகையே தாங்கவில்லை. அத்தர் வாசனைக்குக்கூட ஜஹனாரா அப்படி முகம் மலர்ந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் சாணி போட்டது. அப்புறம் முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்தே விட்டது.

"பசு தப்பிச்சிருச்சு. ரெண்டு நாளைக்கு வெறும் வைக்கோல்தான். கன்னப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன். அசைவு தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருங்க, வெள்ளனே வர்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

ஒலியுல்லா பள்ளிவாசலுக்குப் போன பிறகு மாமியாரும் மருமகளும் சாக்கை விரித்து அங்கேயே உட்கார்ந்தார்கள். ஜஹனாராவின் கை பவுனுவின் வலது வயிற்றை விட்டு அகலவில்லை.

"எம்மேல கோவமா மாமி?"

"கோவமா? நீ நானும்தான்னு வாயத் தொறந்தேல்ல, அப்ப உன்னையத் தூக்கிச் சுத்தணும் போல இருந்துச்சு புள்ள. நீங்க ரெண்டு பேரும் சொல்லலேன்னா, சோறுதானான்னு தெரியாம இந்நேரம் இவள வண்டியில ஏத்தியிருப்போம்." ஜஹனாரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே குப்பையில போடு, டிரம்முல போடு, எங்கிட்டு வேணாலும் கொட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்கிட்டச் சொல்லிட்டுக் கொட்டு, அம்புட்டுத்தேன்."

அப்ரின் கொஞ்சம் வைக்கோலைப் பவுனுவின் வாய்ப்பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள். "நீங்களும் எங்ககிட்டச் சொல்லணும் மாமி."

ஜஹனாராவுக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுபோனாள். உள்ளங்கைக்குக் கீழே, தோலுக்கு உள்ளேயிருந்து, ஒரு குளம்பு முட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை, முன்னைவிட ஓங்கி.

அவள் மருமகளின் கையை வெடுக்கென்று இழுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"மாமி, உதைக்குது!" என்று கத்தினாள் அப்ரின்.

"சொல்றேன் புள்ள, சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்" என்றாள் ஜஹனாரா. சிரிப்பும் அழுகையுமாக அவளுக்கு மூச்சு வாங்கியது.