ஜீப் ஓடாத திரை

நான் வரைந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ஜீப். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கல்வராயன் மலையில் சாமை விளைவிக்கிறவர்கள் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அதை ஏற்றிப் போக வண்டி கூப்பிடுவதற்கான ஆப் அது. 'ஜீப்பை வரச்சொல்' என்ற பொத்தானை அழுத்தினால், என் ஜீப் திரையின் அடியிலிருந்து கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து வளைந்து மலையேறும். புகை விடும். எல்லாம் முடிந்ததும் வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டும். கள்ளக்குறிச்சியில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு வாரம் அதற்காக மெனக்கெட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட மலையில் இருப்பவர் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் சென்னையிலிருந்து எங்கள் சின்னக் கம்பெனியின் மேலாளர் போன் செய்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து ஒரு பெண் அனுப்பிய அழைப்பு அடுத்தடுத்து இரண்டு முறை ரத்தாகியிருக்கிறது. ஜீப் போகவில்லை. ரோட்டோரம் அடுக்கி வைத்த மூட்டைகள் மழையில் நனைந்துவிட்டன.

"அந்தம்மாவுக்கு ஆப் தெரியல போல. நீதான் பக்கத்துல இருக்கியே, ஒரு எட்டு போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வந்துடு" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரியாதவளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் கிளம்பினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியபோது, போனை எடுத்து என் ஜீப்பை ஓட்டிப் பார்த்தேன். பாடம் நடத்தப் போகிறவள் ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டாமா? பஸ் ஒரு பக்கம் வளைந்தது, கையிலிருந்த ஜீப் இன்னொரு பக்கம் வளைந்தது. மூன்றாவது வளைவில், காலையில் தின்ற இட்லி முழுவதும் பிளாஸ்டிக் கவருக்குள் வந்துவிட்டது. கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வளைவுல போன் பாத்துகினு வந்தா இப்டிதாம்மா. உள்ள வையி."

வைத்தேன். எனக்குக் கோபம் ரோட்டின் மேல்தான் வந்தது, ஜீப்பின் மேல் வரவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் அந்தப் பெண் காத்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நான் தடுமாறி இறங்கியதைப் பார்த்ததும், "உங்களுக்கும் சுத்துதா மேடம்?" என்று சிரித்தாள்.

ஊர்ப் பெண்கள் குழுவில் போன் அவள் பொறுப்பு. யார் வீட்டில் மூட்டை தயாரோ அவர்கள் இவளிடம் சொல்வார்கள், இவள் ஜீப்பைக் கூப்பிடுவாள். ஊருக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். அங்கே போகும் வழியெல்லாம் அவள் கண்ணைத் தரையிலேயே வைத்து, வேலியைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"போன வருசம் காதுல ஏதோ கோளாறு வந்துச்சு மேடம். அதுலேந்து கண்ணு முன்னாடி எதுனா ஆடுனா ஒலகமே சுத்துது. சரிவுல நின்னு களை எடுக்க முடியல. தலையில சொமை வெச்சா வுழுந்துடறேன். வூட்டுல சும்மா குந்திகினு இருந்தேன். இது ஒன்னுதான் குந்தினபடி செய்யற வேலை. இத்தயும் வெள்ளிக்கெழமை கூட்டத்துல வேற ஆளுக்கு மாத்தப் போறாங்களாம்."

மூட்டை நனைந்த வீட்டுக்காரர்கள் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"சரி, இன்னிக்குப் போற மூட்டைக்கு எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க" என்றேன், வாத்தியாரம்மா குரலில்.

பொத்தானை அழுத்தினாள். ஜீப் கிளம்புவதற்குள் போனை மடியில் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையைப் போனின் முதுகில் வைத்தாள். அந்தப் பாறையில் நெட் நத்தை வேகம். பதில் வரும்வரை ஜீப் அதே வளைவுகளில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். காத்திருப்பவர்களுக்கு அலுப்புத் தட்டக் கூடாது என்று நான்தான் அப்படிச் செய்திருந்தேன். அவள் கையை எடுக்காமல் காத்திருந்தாள். போன் ஒருமுறை அதிர்ந்தது. கண்ணைத் திறக்காமலே நிமிர்த்தினாள். கட்டைவிரல் மேலே வலது மூலைக்குப் போனது, 'ஜீப் கிடைத்துவிட்டது!' என்று துள்ளிக்கொண்டிருந்த பெட்டி மூடியது. இடது பக்கம் கீழே போனது. வானிலைப் பெட்டி மூடியது. நடுவுக்கு வந்தது, 'நண்பர்களுக்குச் சொல்லுங்கள்' மூடியது. விரல் ஓர் இடத்திலும் தேடவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படித் திடீரென்று திரைமேல் வந்து குந்தும் பெட்டிகளை எங்கள் தொழிலில் பாப்-அப் என்போம். எதற்குப் பின் எது வரும் என்று யாராவது கேட்டால், நானே லேப்டாப்பைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இவளோ பார்க்கவே முடியாத ஒன்றைத் தொட்டுத் தொட்டே முழுசாக மனப்பாடம் செய்திருந்தாள். எத்தனை முறை தலைசுற்றி, எத்தனை முறை தப்பாக அழுத்தி, இந்தப் பாறையில் தனியாக உட்கார்ந்து கற்றிருப்பாள்! சொல்லிக் கொடுக்க வந்தவள் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை என் வேலையில் நான் யாரைப் பார்த்தும் அப்படிப் பிரமித்ததில்லை.

நாலாவதாக, வலது பக்கம் கீழே ஒரு தட்டு. "ஆச்சு மேடம்" என்று போனை மறுபடியும் கவிழ்த்தாள்.

ஆகவில்லை. வாங்கிப் பார்த்தேன். 'ஜீப்பை உறுதி செய்யவா?' என்ற பெட்டி இன்னும் திரையில் நின்றது. கொஞ்ச நேரம் பதில் வராவிட்டால் அது தானாகவே அழைப்பை ரத்து செய்துவிடும். அதுவும் என் ஏற்பாடுதான். அவசரமாக 'ஆம்' அழுத்தினேன்.

"எப்பவும் நாலு தட்டுதானா?"

"நாலுதான் மேடம். மொதல்லேந்து நாலுதான். நாலாவது ஆம். அப்புறம் ஏதோ கொட்டும், பாத்தா மயக்கம் வரும். கவுத்து வெச்சிடுவேன்."

போன மாதம் நான் உறுதி செய்யும் பெட்டிக்கு முன்னால் ஐந்தாவதாக ஒன்றைச் சொருகியிருந்தேன். 'எங்களுக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று கேட்கும் பெட்டி. மேலாளர் கேட்டார், அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தேன். இவளுடைய நாலாவது தட்டு அந்த நட்சத்திரங்களை மூடியதோடு சரி. உறுதி செய்யும் பெட்டி அவளுக்குத் தெரியாமலே காத்திருந்து ரத்தாகியிருக்கிறது. மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப தப்பு எம்மேல இல்லியா?"

"இல்ல. என் மேல."

போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "இத்த நீங்களே கூட்டத்துல வந்து சொல்லணும். நான் சொன்னா ஏதோ சாக்கு சொல்றான்னுவாங்க" என்றாள்.

வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து முதலில் தேடியது, போனிலேயே இருக்கிற ஓர் ஏற்பாட்டை. 'அசைவைக் குறை' என்று அமைப்புகளுக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால், இந்த ஆளுக்கு ஆட்டம் ஆகாது என்று போன் ஒவ்வொரு ஆப்பிடமும் சொல்லும். கேட்டு அடங்குவது ஆப்பின் பொறுப்பு. என் ஆப் கேட்கவில்லை, ஏனென்றால் நான் அதற்கு அந்தக் காதையே வைக்கவில்லை. எங்கோ முகம் தெரியாத யாரோ ஒருவர், இவளைப் போன்ற ஒருத்தி இருப்பாள் என்று நினைத்து அதை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்துகொண்டு நான் அதைக் கடந்து கடந்து போயிருக்கிறேன். அந்த நினைப்பே என்னைக் குறுக வைத்தது.

ஆப்புக்கு அந்தக் காதை வைத்தேன். அதோடு நிறுத்த மனம் வரவில்லை. ஜீப், புகை, துணுக்குகள், துள்ளும் பெட்டிகள் எல்லாவற்றையும் எல்லாருக்கும் சேர்த்தே எடுத்தேன். தானாக ரத்தாவதையும் எடுத்தேன். மேலாளர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஆப் செத்த மாதிரி கெடக்கு" என்றார்.

"கெடக்கட்டும் சார். ஜீப் போகும்."

வெள்ளிக்கிழமை போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மலையேறினேன். கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். மூட்டை நனைந்த அம்மா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெனம் நடக்கற வழியில ஒரு கல்ல நகத்திப் போட்டா, நடக்கறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல வாணாமா?" என்றார்.

"சொல்லியிருக்கணும்" என்றேன். போன் அவளிடமே இருக்கட்டும் என்று முடிவானது.

அன்று அனுப்ப வேண்டிய மூட்டைகள் இருந்தன. பாறைக்குப் போனோம். பொத்தானை அழுத்தியதும் பழக்கத்தில் போனைக் கவிழ்த்தாள், கண்ணை மூடினாள்.

"தெறந்து பாருங்க."

ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: 'ஜீப்பை உறுதி செய்யவா?' ஆம் என்று அழுத்தினாள். அதே இடத்தில் வேறு வரி வந்து நின்றது: 'ஜீப் வருகிறது.' எதுவும் ஆடவில்லை. இரண்டு கண்களாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உண்டாக்கிய ஒன்றை அவள் தலைசுற்றாமல் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அவ்ளோதானாக்கா?" மேடம் எப்போது அக்காவானது என்று தெரியவில்லை. "அந்தப் பொம்ம ஜீப்பு போயிடுச்சா? ஜோரா ஓடும்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான்தான் ஒருநாளும் முழுசா பாத்ததில்ல."

என் போனில் அதன் ஒரு படம் இருந்தது, அசையாத படம். எடுத்துக் கொடுத்தேன். ஜீப்பைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மலையடிவாரத்தில் விரலை வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே ரோட்டின் மேல் நகர்த்தி உச்சிவரை போனாள்.

"ஒரு வளைவு கம்மியா இருக்குதுக்கா."

"நீங்க பஸ்ஸுல கண்ண மூடிகிட்டுதானே வருவீங்க?"

"மூடிகினுதான் வருவேன். அதான் தெரியுது."

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். அணை வந்து சேர்ந்தபோது, நான் வரைந்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தது.