அம்மா விற்ற நரித்தோல்

நோர்வேயில், புருசெத் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, பட்டினியால் சாகாமல் இருப்பது எப்படி என்று எங்களுக்கு ஒரு வாரம் முழுக்கச் சொல்லித் தந்தார்கள். நாட்டின் வடகோடியில், ரஷ்ய எல்லையை ஒட்டி ஓடும் ஓர் ஆற்றங்கரையில் முதலில் குடியேறியவர்களைப் பற்றிய பாடம் அது. அவர்கள் குளிர்காலத்தில் பொறி வைத்து நரியும் நீர்நாயும் பிடிப்பார்கள். ஆற்றுப்பனி உருகியதும் படகில் வரும் வியாபாரியிடம் தோலைக் கொடுத்து மா, உப்பு, கோடாலி வாங்குவார்கள்.

வெள்ளிக்கிழமை அதை விளையாட்டாக நடத்தினோம். உடற்பயிற்சி மண்டபத்தில் விரித்த நீலப் பாய்கள்தான் ஆறு. நான்கு பிள்ளைகளும் ஒரு பெற்றோரும் சேர்ந்தால் ஒரு குடும்பம். எங்கள் வகுப்பாசிரியர் ஒட்டுத்தாடியோடு வியாபாரியாக நின்றார். மூன்று பொருளில் ஒன்று குறைந்தாலும் அந்தக் குடும்பம் செத்துப்போய் ஓரத்து வாங்கில் உட்கார வேண்டும். குடும்பத்துக்குத் துணியில் வெட்டிய ஐந்து தோல். எங்களுக்கு மட்டும் சீட்டுக்குலுக்கலில் ஓர் உண்மையான நரித்தோல் கூடுதலாக விழுந்தது. அது கிடைக்காமல் திரும்பினால் வியாபாரிக்கும் தோல்விதான்.

அப்பா நோர்வேஜிய மொழியில் வெளுத்து வாங்குவார். அவருக்கு அன்று பஸ் ஓட்டும் வேலை வந்துவிட்டதால் அம்மா வந்தார். அம்மாவுக்கு அந்த மொழியில் நன்றி சொல்வதைத் தவிர அதிகம் வராது. விதிகளைக் காலையில் நான்தான் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். என் மானம் கப்பலேறப் போகிறது என்று பயந்துகொண்டேயிருந்தேன்.

நோர்வேஜியப் பெற்றோர் பண்பானவர்கள். ஐந்து தோலுக்கு ஒரு மூட்டை மா என்று வியாபாரி சொன்னதும், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு போய்ச் செத்தார்கள். மூன்று குடும்பங்கள் இப்படியே முடிந்தன. கடைசியாக நாங்கள் போனோம்.

அம்மா மா மூட்டையை விரலால் குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நரித்தோலை மட்டும் உயர்த்தி, மூன்று பொருளையும் சுட்டிக்காட்டினார். ஆசிரியர் சிரித்தபடி முடியாதென்றார். எல்லாவற்றையும் கொடுத்து மாவையாவது வாங்குவோம் என்று நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா தோல்களைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்தார்.

“வாயை மூடிக்கொண்டு நட. திரும்பிப் பாக்காதை.”

நடந்தோம். கூட்டாளிகள் மூவரும் அழாக்குறையாகப் பின்னால் வந்தார்கள். கதவுப்பிடியில் அம்மா கைவைத்தபோது, ஆசிரியர் மாவும் உப்பும் கோடாலியுமாக, தாடி ஒரு பக்கம் தொங்க, ஆற்றை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். மண்டபமே கைதட்டியது. அம்மா அதோடும் விடவில்லை. மிச்சத் தோல்களுக்கு இன்னும் உப்பும் கோடாலியும் பேசி வாங்கி, வாங்கில் செத்துக்கிடந்தவர்களையும் எழுப்பிவிட்டார். அவர்கள் எழுந்து வந்து அம்மாவைச் சுற்றிக் குதித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இது என்னுடைய அம்மா என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா தனியே சிரித்துக்கொண்டு வந்தார். வென்ற சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் விசாவுக்கும் வேலைக்கும் ஒவ்வொரு கந்தோராக, ஒவ்வொரு அதிகாரி பின்னாலும் ஓடியவர் அவர். ஒருவர் அவர் பின்னால் ஓடி வந்தது அன்றுதான் முதல் தடவை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.